கடுகு படிக்க வேண்டிய பத்தி

எட்டு ஐம்பதுக்குப் பள்ளிக்கூட மணி அடித்தது.

உள்ளே யாரும் இல்லை. கேட்டில் பூட்டு தொங்கியது. மணி தானாக அடிக்கும்படி யாரோ எப்போதோ திருப்பி வைத்திருந்தார்கள். நோய்த்தொற்றுக்குப் பயந்து பள்ளியை மூடியவர்களுக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை. மாதக்கணக்காக அது வெறும் வராண்டாவுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

கேட்டைக் கடந்துகொண்டிருந்த டீச்சரின் கால் தானாக வேகமெடுத்தது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். செக்கை எடுத்துவிட்டாலும் மாடு சுற்றத்தான் செய்யும்.

"டீச்சர்!"

எதிரே இஸ்திரிக் கடை. கடைக்காரரின் மகள் ஒரு சட்டையின் கைகளைப் பின்னால் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், சன்னல் பக்கம். டீச்சரின் வகுப்பு.

"எங்கே டீச்சர் போறீங்க?"

"கடைக்கு."

டீச்சரின் கையிடுக்கில் இருந்த சார்ட் சுருளைச் சிறுமி பார்த்தாள்.

"கடைக்கு சார்ட்டா?"

"வெயில்ல நிக்காதே. உள்ளே போ."

பதில் இல்லாதபோது அதட்டல் கை கொடுக்கும். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டினாள்.

ஆடிட்டர் அம்மா வீடு இரண்டாம் மாடியில். செருப்பை வெளியே விட்டு, வாசலில் வைத்திருந்த சோப்பில் கை கழுவி, புது மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு மேஜைதான் வகுப்பு. ஐந்து நாற்காலிகள். இப்போது நான்கு குழந்தைகள். ஐந்தாவது குழந்தையின் குடும்பம் போன வாரம் ஊர் மாறிப் போய்விட்டது. நாற்காலி அங்கேயே கிடந்தது.

பள்ளி சம்பளத்தைப் பாதியாகக் குறைத்த மாதத்தில்தான் இந்த வேலை வந்தது. சில வீட்டுக் குழந்தைகள் மட்டும். அவர்கள் வெளியே யாரோடும் பழகக் கூடாது. டீச்சரும் பழகக் கூடாது. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. விதிகளை ஆடிட்டர் அம்மா படித்துக் காட்டியபோது, கடைசி விதியில் டீச்சரின் தங்கை இருந்தாள்.

தங்கை நர்ஸ். இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் கணவன் கப்பலில். எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் கடலிலேயே கிடக்கிறான். அவர்களுக்கு ஒரே மகள். எட்டு வயது, டீச்சரின் வகுப்புதான், ஆளைவிட வாய் பெரிது. கடுகு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"கதவைச் சாத்திட்டு நடத்துறதுக்குப் பேரு பள்ளிக்கூடமா அக்கா?" என்று தங்கை கேட்டாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு டீச்சர் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. போக மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

குரல் மட்டும் போய்வந்தது.

அது இப்படி. குழந்தைகள் ஆளுக்கொரு பத்தியாகப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். டீச்சர் அதைப் போனில் பதிவு செய்வாள். கடுகின் முறை வரும்போது எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு பத்தி படிக்கும் நேரம் அளவுக்கு மௌனம். பிறகு முதலாவது பிள்ளை தொடரும். பதிவு தங்கையின் போனுக்குப் போகும். வீட்டில் கடுகு அதைப் போட்டுவிட்டு, அந்த மௌனத்தில் தன் பத்தியைப் படிப்பாள். அவர்களோடு சேர்ந்து படித்த மாதிரி இருக்கும்.

சில நாள் அவள் தன் குரலைத் திருப்பி அனுப்புவாள். சண்டைக்குக் கூப்பிடுவது போலப் படிப்பாள். அதைக் கேட்டதிலிருந்து குழந்தைகளுக்கு அவள்மேல் பைத்தியம்.

இந்த ஒரு வாரமாகக் குரல் வரவில்லை. அனுப்பியதைக் கேட்டதாகப் போனில் குறி மட்டும் விழுகிறது. தங்கையின் கோபம் இன்னும் ஆறவில்லை என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள்.

இன்றைய பாடம் ஓடக்காரரின் பூனை. இரட்டையர் இருவரும் ஆளுக்கொரு பத்தி படித்தார்கள். கண்ணாடி போட்ட பையன் ஒன்று படித்தான். ஆடிட்டர் அம்மாவின் மகள் ஒன்று படித்தாள். எதற்கும் ஏன் எதற்கு என்பதால் அவளுக்குக் கேள்வி என்று பெயர்.

பிறகு மௌனம்.

மின்விசிறி சுற்றியது. கண்ணாடிப் பையனின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. இரட்டையரில் ஒருத்தி ஐந்தாவது நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிருப்பா," என்றான் பையன் கிசுகிசுப்பாக.

"இல்லைடா. பூனை தண்ணியில குதிக்கிற இடத்துல நிறுத்திட்டுத்தான் படிப்பா," என்றாள் கேள்வி.

டீச்சர் நிமிர்ந்தாள். சமையலறை வாசலில் ஆடிட்டர் அம்மா காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"பசங்க கொஞ்சம் விளையாடட்டும் டீச்சர். பேசணும்."

பால்கனிக்குப் போனார்கள். கொடியில் துணிகள் காய்ந்தன. உள்ளறைக் கதவு எப்போதும் போலச் சாத்தியிருந்தது. அதற்குள் ஆடிட்டர் அம்மாவின் கணவர். சிறுநீரகம் மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. அவர் பெற்ற மகளையே சன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறார்.

"யாரு கடுகு?"

டீச்சர் கொடியில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

"நேத்து இவ சாப்பிட உட்கார்ந்தா. ஒரு வாய் வச்சிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கா. என்னடின்னு கேட்டா, 'கடுகு ஒரு வாய் சாப்பிடட்டும், அப்புறம் நான்'ங்கிறா."

குழந்தைகளிடம் சொன்ன ரகசியம் ஓட்டைப் பானைத் தண்ணீர். பன்னிரண்டு வருஷம் பாடம் எடுத்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"தங்கச்சி பொண்ணு மேடம். நேர்ல பார்க்கலை, சத்தியமா. குரல்தான் போகுது."

"குரலுக்கு நான் கதவு போட முடியுமா?" ஆடிட்டர் அம்மா துணியை ஒதுக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "நான் கல்நெஞ்சுக்காரி இல்லை டீச்சர்."

"அப்படி யாரும் சொல்லலையே மேடம்."

"சொல்லலை. ஆனா எல்லாரும் வாயை மூடிட்டு உட்காருறீங்களே, அப்பக் கேக்குது."

கீழே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். சத்தம் அடங்கியதும் ஆடிட்டர் அம்மா தொடர்ந்தாள்.

"இவருக்கு ஆபரேஷன் ஆன அன்னைக்கு ஒரு நர்ஸ் விடிய விடியப் பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தா. மறுநாள் டியூட்டி மாறிப் போயிட்டா. நான் பேரு கூடக் கேட்டுக்கலை. இன்னைக்கு அந்த மாதிரி ஒருத்தி பிள்ளையைத்தான் வேண்டாம்னு விதி போட்டிருக்கேன். தெரியாமப் போடலை. தெரிஞ்சும் எடுக்க முடியலை."

"புரியுது மேடம்."

"அந்தக் குழந்தை உங்க வீட்டுக்கே வந்து தங்கிட்டா என்ன?"

டீச்சர் அவளைப் பார்த்தாள்.

"புதுசா வர்றவங்களுக்கு என்ன விதியோ அதேதான். பத்து நாள் அம்மாகிட்ட போகாம இருக்கணும். அப்புறம் அந்த நாற்காலி அவளுக்கு. பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் உங்ககூடத்தான் இருக்கணும். அம்மா வரக் கூடாது. மத்த வீடுங்ககிட்ட நான் பேசறேன். யோசிச்சு—"

"சரி மேடம்."

"வீட்ல கேட்டுட்டு—"

"சரி."

படியிறங்கும்போதுதான் உறைத்தது. பெற்றவளைக் கேட்கவில்லை.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடுகு பிறந்தபோது அப்பன் கடலில் இருந்தான். துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்த குழந்தையை முதலில் வாங்கியது டீச்சரின் கை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடுகு இவள் வீட்டில்தான் தூங்குவாள். தூக்கத்தில் உதைப்பாள். உதை வாங்கிய விலாவைத் திங்கட்கிழமை காலையில் தடவிப் பார்த்துக்கொள்வது டீச்சருக்கு ஒரு சுகம். அந்தச் சுகம் நின்று மாதங்களாகிவிட்டன.

திரும்பும் வழியில் இஸ்திரிக் கடையைக் கடக்க வேண்டியிருந்தது.

"கடையில என்ன வாங்கினீங்க டீச்சர்?"

கையில் அதே சார்ட் சுருள்தான் இருந்தது.

"நான் அனுப்பின கணக்கைப் போட்டியா?"

"போன் அண்ணன்கிட்ட இருக்கு டீச்சர். அவன் ராத்திரிதான் வருவான்." சிறுமி கசங்கிய ஒரு பாவாடையை உதறினாள். "நாளைக்கும் கடைக்குப் போவீங்களா?"

டீச்சர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து மேல்தட்டில் கிடந்த சின்னத் தலையணையை எடுத்தாள். உறை மாற்றினாள். கட்டிலில் சுவரோரம் வைத்தாள். பிறகு விழுந்துவிடுவாளே என்று உள்பக்கம் நகர்த்தினாள். ஏற்கனவே அதுதான் உள்பக்கம். தான் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது. சட்டென நிறுத்தினாள். யாரோ பார்த்துவிட்டது போல வெட்கமாக இருந்தது.

போன் அடித்தது. ஆடிட்டர் அம்மா.

"மன்னிக்கணும் டீச்சர். மத்தவங்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா திங்கட்கிழமைக்கு மேல நாற்காலியைக் காலியா வைக்க மாட்டாங்களாம். இன்னொரு வீடு கேட்டிருக்கு. இன்னைக்கே வியாழன். பத்து நாள் எப்படியும் ஆகாது."

"விதியைக் கொஞ்சம்..."

"கதவுக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்கார் டீச்சர்."

"தெரியும் மேடம்."

கை நழுவிப் போனது ஒருவகையில் நிம்மதி. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். தலையணையை மேல்தட்டில் வைக்கத் தூக்கினாள். வைக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் செய்தாள். இல்லாமல் போன ஒன்றைப் பற்றியாவது பேசலாம்.

"சொல்லு."

அக்கா என்ற சொல் இல்லை. பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி, பத்து நாள், திங்கட்கிழமை.

"நீ சரின்னுட்டியா?"

"ஆமா."

"என்னைக் கேக்காம."

"கேக்கத்தான் இப்போ—"

"இது கேக்கறது இல்லை. சொல்றது."

தங்கை எங்கோ நகர்ந்து போவது காலடியில் தெரிந்தது. ஒரு கதவு சாத்தியது.

"பத்து நாள் வேண்டாம்," என்றாள் தங்கை. "ஒரு வாரம் முடிஞ்சிருச்சு."

"என்னது?"

"என்னைத் தொற்று வார்டுக்கு மாத்திட்டாங்க. அவகிட்டப் போக பயமாயிருந்துச்சு. அவளைக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காகிட்ட விட்டுட்டு, நான் இங்கேயே தங்கிட்டேன். அந்த அக்கா தையல் வாங்கறதைக் கூட நிறுத்திட்டாங்க, இவளுக்காக. அவளைத் தொட்டு இன்னையோட ஏழு நாள்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லலை?"

"சொன்னா வந்து தூக்கிட்டுப் போயிருப்ப."

டீச்சரின் கை தலையணை மேல் இருந்தது. கையை எடுத்தாள்.

"அப்போ நான் அனுப்பினதெல்லாம்? கேட்ட மாதிரி குறி விழுந்துச்சே?"

"தையல்கார அக்காகிட்ட பட்டன் போன். அதுக்கு எதுவும் போகாது."

"அப்போ யாரு கேட்டா?"

"நான்தான்." தங்கையின் குரல் தணிந்தது. "டிரஸ் மாத்துற ரூம்ல உட்கார்ந்து கேப்பேன். பசங்க அவளுக்காக நிறுத்துவாங்கல்ல. அந்த இடத்துல நான் பேசுவேன். புத்தகம் எங்கிட்ட இல்லை. சாப்பிட்டியாடி, குளிச்சியாடி, யாரு தலை வாரிவிட்டான்னு கேப்பேன். அவ்வளவு கேக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு படிக்க ஆரம்பிச்சிரும்."

டீச்சர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். மூச்சுச் சத்தம் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"கூட்டிட்டுப் போ. மூணாங் கிளாஸ்ல எழுத்து விட்டா விட்டதுதான்னு நீதானே சொல்வ. என் வேலையால அவளுக்கு அது போக வேண்டாம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். என் பொண்ணுக்கு நாற்காலி கிடைச்சாச்சு. உன் கிளாஸ்ல மீதிப் பிள்ளைங்களுக்கு?"

"அதை இப்பக் கேக்காதடி."

"அப்போ எப்பக் கேக்கறது?"

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

ஆடிட்டர் அம்மாவுக்கு டீச்சர் விவரம் சொன்னாள். "யாரு சொல்றது, நீங்களா?" என்று கேட்டாள் அவள். ஆமாம் என்றதும், "அப்போ சரி. உங்க வார்த்தை போதும்," என்றாள். அந்த வார்த்தை டீச்சரின் தோளில் மூட்டை போல ஏறி உட்கார்ந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டில் சந்திப்பதாக ஏற்பாடு. இரண்டு வீட்டுக்கும் அதுதான் நடு. தங்கை வர மாட்டேன் என்றிருந்தாள்.

தையல்கார அக்கா தெருமுனையில் தெரிந்தாள். கூடவே, தன் பாதி உயரத்துக்கு ஒரு பையைத் தரையில் இழுத்துக்கொண்டு கடுகு. தலைமுடி அவிழ்ந்து காற்றில் பறந்தது. ஒரு ரப்பர் பேண்டு பாதி வழியில் தொங்கியது.

"பின்ன விட மாட்டேங்கிறா டீச்சரம்மா," என்றாள் தையல்கார அக்கா மூச்சு வாங்க. "சட்டைக்குக் காஜா எடுத்திருக்கேன், பாவாடைக்கு மடிப்பு வச்சிருக்கேன், இந்தத் தலையில மட்டும் என் கை நுழையலை. அம்மா வந்தாத்தான் ஆச்சாம்."

கடுகு பையைப் போட்டுவிட்டு டீச்சரின் இடுப்பில் முட்டினாள். அழவில்லை. ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது. டீச்சர் அந்தச் சிக்கல் தலையில் முகத்தை வைத்தாள். வேறு வீட்டுச் சோப்பின் வாசனை.

"பெரியம்மா, அந்தப் பசங்க என் பத்தியை வேற யாருக்காவது குடுத்துட்டாங்களா?"

"இல்லை."

"நான் ஒரு வாரமா படிக்கவே இல்லையே."

"உனக்காக நிறுத்தி வச்சிருக்காங்க."

"அவ்வளவு நேரமுமா?" கடுகு யோசித்தாள். "வாய் வலிச்சிருக்கும், பாவம்."

மணி அடித்தது. பள்ளி விடும் மணி. கடுகு நிமிர்ந்து கேட்டைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். பழக்கத்தில் தெருவின் எதிர்ப்பக்கம் திரும்பினாள். மணி அடித்தால் அம்மாக்கள் நிற்கும் இடம் அது.

அங்கே தங்கை நின்றிருந்தாள்.

வேலை உடுப்போடு வந்திருந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் மட்டும். கன்னத்தில் மாஸ்க் அழுத்திய தழும்பு இங்கிருந்தே தெரிந்தது. கையில் ஒரு சீப்பு.

கடுகு ஓடவில்லை. பெரியம்மாவின் சேலையை ஒரு கையில் பிடித்தபடி நடைபாதை விளிம்புவரை போய் நின்றாள். "அம்மா, நான் தொடலை பாரு," என்று கத்தினாள். மற்றொரு கையைத் தூக்கிக் காட்டினாள். "இன்னைக்கும் தொடலை!"

தங்கை தலையாட்டினாள். கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினாள்.

சின்ன வயதில் தங்கைக்குத் தலை பின்னிவிட்டவள் டீச்சர்தான். அம்மா இல்லாத வீடு. நான்கு கால் பின்னல். மூன்று கால் போட்டால் தங்கை பள்ளிக்குக் கிளம்ப மாட்டாள். அதே பின்னலைத்தான் தங்கை கடுகுக்குப் போடுவாள். அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருடைய கைக்கும் அது வராது.

தங்கை தெருவில் ஓரடி இறங்கினாள். நின்றாள்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் மூன்று நாள். தொட்டால் பத்து நாள் முதலிலிருந்து. திங்கட்கிழமை நாற்காலி வேறு வீட்டுக்குப் போய்விடும். தொட்டதை யாரும் போய்ச் சொல்லப் போவதில்லை. ஆடிட்டர் அம்மா டீச்சரின் வாய்ச்சொல்லை நம்பினாள். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இஸ்திரிக் கடையில் சிறுமி மடிப்பதை நிறுத்திவிட்டு, டீச்சரையும் பையையும் கடுகையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி நின்றது. தெரு திடீரென்று அமைதியானது. அந்த அமைதியின் நீளம் டீச்சருக்குப் பழகியது. ஒரு பத்தி படிக்கும் நேரம்.

தங்கை சீப்பை உயர்த்தினாள்.

"கையை ரெண்டு தடவை கழுவிட்டேன் அக்கா. ஒரே ஒரு பின்னல். போட்டுட்டுப் போயிடட்டுமா?"